நீலத்தாளைப் படிக்கக் கற்ற நகரம்

1828 ஜனவரி 16 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் வேளாண், தோட்டக்கலைச் சங்கம் நடத்திய கண்காட்சிக்குத் தோட்டக்காரர்கள் தாங்கள் விளைவித்த காய்கறிகளோடு வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் டிட்டாகர் ஊர்க் கொல்லர் ஒருவர் கொண்டுவந்தது காய்கறி அல்ல, நீராவி எஞ்சின். அவர் பெயர் கோலக் சந்திரா. ஆற்றுக்கு அக்கரையில், செராம்பூர் பாதிரியார்களின் காகித ஆலைக்கு 1820இல் இங்கிலாந்திலிருந்து ஒரு நீராவி எஞ்சின் வந்திருந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே, எந்த ஐரோப்பியத் தொழிலாளியின் துணையும் இல்லாமல் இதைச் செய்திருக்கிறார் என்று சங்கம் வியந்து அவருக்கு 50 ரூபாய் பரிசளித்தது.

கண்ணால் கண்டதைக் கையால் செய்துவிடும் திறமைக்கு வங்காளத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை. கோலக் சந்திராவுக்கு வாய்க்காதது, அந்த எஞ்சினைப் பெற்றெடுத்த தாள்தான். வரைபடம் கையில் இருப்பவன் பார்க்காத எஞ்சினையும் செய்வான். இல்லாதவன் பார்த்ததை மட்டுமே செய்ய முடியும். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் கல்கத்தா கற்றுக்கொண்ட பாடங்களில் பெரியது இதுவே: அந்தத் தாளைப் படிப்பது, பிறகு தானே வரைவது. அந்தப் பாடம் கல்லூரி வகுப்பறையில் மட்டும் நடக்கவில்லை. கலைப்பள்ளியிலும், பட்டறையிலும், டிராயிங் ஆபீசின் கடைசி மேசையிலும், கடைசியில் தெற்குக் கல்கத்தாவின் காளிகாட்டில் தார்ச்சாலைக்கு அடியிலும் நடந்தது.

அதே காலத்துக் காளிகாட்டில் கோடு இழுப்பது குடும்பத் தொழிலாக இருந்தது. காளி கோயிலின் இன்றைய கட்டடம் 1809ஆம் ஆண்டைச் சேர்ந்தது. யாத்ரீகர்களுக்குக் காசு கணக்கில் படம் வரைந்து விற்க, மேதினிபூர் போன்ற மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து படுவா ஓவியர்கள் கோயிலைச் சுற்றிக் குடியேறினார்கள். ஒருவர் மூலப்படத்தைப் பார்த்து வெளிக்கோட்டை இழுப்பார். அடுத்தவர் உடம்பின் திரட்சிக்கு வண்ணம் தீட்டுவார். இன்னொருவர் சேலையும் நகையும் போடுவார். பெண்களும் பிள்ளைகளும் நிறம் அரைப்பார்கள். தூரிகையைத் தாளிலிருந்து எடுக்காமல் தோளிலிருந்து இடுப்புவரை ஒரே வீச்சில் இறங்கும் அந்தக் கோட்டுக்கு இன்று உலக அருங்காட்சியகங்களில் மதிப்பு. ஆனால் அந்தக் கோட்டுக்கு ஸ்கேல் கிடையாது. காளியின் கை எத்தனை அங்குலம் என்று அதில் அளந்து சொல்ல முடியாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

அளந்து சொல்லும் கோட்டைக் கற்றுத்தரும் பள்ளி 1854 ஆகஸ்டில் வடக்குக் கல்கத்தாவின் கரன்ஹாட்டாவில் திறக்கப்பட்டது. தொழிற்கலை வளர்ச்சிச் சங்கம் என்ற தனியார் அமைப்பு தொடங்கிய பள்ளி அது. மண்ணுருவம் வனைதல், மரச்செதுக்கு அச்சு, கல்லச்சு ஆகியவற்றோடு வடிவியல் வரைதலும் பாடத்தில் இருந்தது. 1864இல் அரசு அதை எடுத்துக்கொண்டு, லண்டன் சவுத் கென்சிங்டன் முறையில் பயின்ற ஹென்றி ஹோவர் லாக்கை முதல்வராக அமர்த்தியது. அந்த முறையில் காம்பஸும் அளவுகோலும் பிடிக்கத் தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். அங்கே வடிவியல் வரைதல் கற்பித்த சியாமாசரண் ஸ்ரீமானி, 1874இல் பழைய இந்தியக் கலையைப் பற்றி வங்க மொழியில் ஒரு நூல் எழுதினார். அந்த மொழியில் கலை வரலாறு பேசிய முன்னோடி நூல்களில் ஒன்று இப்படி ஒரு டிராயிங் வாத்தியாரின் கையிலிருந்து வந்தது.

கலைப்பள்ளி திறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1856 நவம்பரில், ரைட்டர்ஸ் பில்டிங்கில் சிவில் எஞ்சினியரிங் கல்லூரி தொடங்கியது. பிறகு அது பிரெசிடென்சி கல்லூரிக்குள் ஒரு துறையாகப் போனது. 1880இல் ஆற்றைக் கடந்து ஷிப்பூருக்குக் குடிபெயர்ந்து, வங்காளப் பொறியியல் கல்லூரியாகப் புகழ்பெற்று, 2014 முதல் மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனமாக இருக்கிறது. சென்னைக் கிண்டிக்கு 1794இன் நில அளவைப் பள்ளி வேர் என்றால், கல்கத்தாவுக்கு இது.

வரைபடத்தைப் படிப்பதில் யாருக்கு உரிமை என்ற கேள்வி ஒருமுறை பகிரங்கச் சண்டையாகவே வெடித்தது. 1868-69இல் அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா ஒரிசாக் கோயில்களை ஆராயப் புறப்பட்டபோது, கலைப்பள்ளி மாணவர்களும் உடன் போய்ப் புவனேஸ்வரின் கற்களை வரைந்தும் அச்செடுத்தும் வந்தார்கள். அதன் பயனாக ‘ஒரிசாவின் தொன்மைகள்’ 1875இலும் 1880இலும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இந்தியக் கட்டடக்கலை வரலாற்றில் அன்றைய ஆங்கிலேயப் பெரும்புள்ளி ஜேம்ஸ் பெர்கசனுக்கு அது பொறுக்கவில்லை. கட்டடத்தைப் பார்த்துக் காலம் சொல்லும் கண் இவருக்கு ஏது என்ற தொனியில், மித்ராவைக் குறிவைத்தே 1884இல் தனிப் புத்தகம் போட்டார். இந்திய நீதிபதி ஐரோப்பியரை விசாரிக்கலாமா என்று இல்பர்ட் மசோதாவை ஒட்டிக் கல்கத்தா கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. புத்தகத்திலும் அந்தச் சூடு தெரிந்தது.

அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே இதே வேலையைச் செய்தவர் தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ். பெங்களூரில் நீதிபதியாக இருந்த அவர் ‘மானசாரம்’ உள்ளிட்ட சிற்ப நூல்களைச் சேகரித்தார். சமஸ்கிருதம் படித்தவர்களுக்குச் சொற்கள் தெரிந்தன, பொருள் பிடிபடவில்லை. கடைசியில் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த கம்மாளர் ஒருவரைப் பிடித்து, அவர் கைப்பழக்கத்தின் துணையோடுதான் அந்த வாசகங்களை அவிழ்த்தார். தூணும் விமானமும் பிளானாகவும் எலிவேஷனாகவும் வரையப்பட்ட தகடுகளோடு அவருடைய நூல் 1834இல் லண்டனில் வெளிவந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

பிளான், எலிவேஷன் என்று இன்று கொத்தனார்கூடச் சர்வசாதாரணமாகச் சொல்லும் இந்தப் பிரிவினைக்கு ஒரு பிறந்தகம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் மெசியேர் படைப் பள்ளியில் கோட்டை கட்டும் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தவர் காஸ்பார் மோஞ்ச். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் ஒரு பொருளின் நிழலை விழவைத்தால், அந்த இரண்டு படங்களைக் கொண்டே பொருளின் முழு வடிவத்தையும் மீட்டுவிடலாம் என்று அவர் காட்டினார். பிரெஞ்சுப் படை அதைச் சில காலம் ரகசியமாகவே வைத்திருந்தது. புரட்சிக்குப் பிறகு 1795இல் அவர் பாடமாக நடத்தினார். அந்தப் பாடங்கள் பிறகு புத்தகமாக வந்தன. கீழே கிடக்கும் தளத்தில் விழுவது பிளான்; நிற்கும் தளத்தில் விழுவது எலிவேஷன்; பொருளைக் கத்தியால் அறுத்து உள்ளே பார்ப்பது செக்‌ஷன்.

புதிதாகக் கற்பவர் தடுமாறும் முதல் இடமும் இதுதான். வீட்டின் படத்தைப் பார்த்தால் வீடு தெரியும் என்று நினைத்து வருகிறார். தாளில் வீடு இல்லை; மூன்று நான்கு தட்டையான கோட்டுக் கூட்டங்கள்தாம் இருக்கின்றன. பிளானில் வட்டமாகத் தெரிவது தூணா, குழியா, நிற்கும் குழாயா என்று வட்டம் சொல்லாது. பக்கத்துப் படத்தில் அதே இடத்துக்கு நேராகப் பார்வையை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். தேர்ந்தவர் ஒரு படத்தைப் பார்ப்பதே இல்லை. இரண்டு படங்களுக்கு நடுவே கண்ணை ஓட்டிக்கொண்டே இருக்கிறார்.

கோட்டுக்கும் ஜாதி உண்டு. கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்குத் தடித்த தொடர்கோடு. மறைந்திருக்கும் விளிம்புக்கு விட்டுவிட்டுப் போகும் கோடு. துளைக்கும் உருளைக்கும் மையம் காட்ட, நீளமும் குட்டையும் மாறிமாறி வரும் மெல்லிய சங்கிலிக் கோடு. அறுத்துப் பார்த்த இடத்துக்குச் சாய்வான வரிகள். இந்த நான்கையும் பிரித்தறிந்தவுடன், குழப்பமாகத் தெரிந்த தாள் பாதி தெளிந்துவிடும். மீதிப் பாதி வலது கீழ் மூலையில், டைட்டில் பிளாக் என்ற கட்டத்தில் இருக்கிறது: எந்தப் பொருள், எந்த ஸ்கேல், எந்த அலகு, எத்தனையாவது திருத்தம், யார் கையெழுத்து. பட்டறையில் பழைய கைகள் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான். திருத்தம் மாறிய படத்தை வைத்துக்கொண்டு வேலை பார்த்தவனுக்கு அன்றைய உழைப்பெல்லாம் ஸ்கிராப்.

இனி நீலத்தாளின் அந்த நீலம். 1842இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த ரசாயனம் அது. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கலந்து பூசிய தாளின் மேல், மசியால் கோடிட்ட ட்ரேசிங் துணியை வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் நீலமாகும். மசிக்கோடு மறைத்த இடம் தண்ணீரில் கழுவியதும் வெள்ளையாக வந்து நிற்கும். அதுவரை ஒவ்வொரு பிரதியையும் கையால் வரைந்துகொண்டிருந்த டிராயிங் ஆபீஸ்களுக்கு இது பெரிய விடுதலை. 1870களில் வணிகத்துக்கு வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் உலகெங்கும் பரவிவிட்டது.

தண்ணீரில் கழுவுவதால் ஒரு வினையும் வந்தது. நனைந்து காய்ந்த தாள் சுருங்கும். நீளவாக்கில் ஒரு மாதிரி, அகலவாக்கில் வேறு மாதிரி. எனவே நீலத்தாளின் மேல் அளவுகோலை வைத்து அளந்தால் அந்த அளவு பொய். எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பு, தாளை அளக்காதே என்ற கட்டளை படங்களின் ஓரத்தில் நிரந்தரமாகக் குடியேறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எண் இல்லாத இடத்தில் அளந்து ஊகிக்காமல், வரைந்தவரிடமே போய்க் கேட்பது தொழில் ஒழுங்கானது.

டிராயிங் ஆபீசின் படிக்கட்டில் கடைசிப் படி ட்ரேசர். அதற்கு மேல் உதவி டிராஃப்ட்ஸ்மேன், டிராஃப்ட்ஸ்மேன், தலைமை டிராஃப்ட்ஸ்மேன். பள்ளிப் படிப்போடு வந்த பையனுக்கு முதலில் கிடைப்பது, பென்சிலில் வரைந்த மூலத்தின் மேல் ட்ரேசிங் துணியை விரித்து மசியால் அப்படியே எடுக்கும் வேலை. சலிப்பான வேலைதான். ஆனால் அதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. ஒரு கர்டரை முப்பது முறை ட்ரேஸ் எடுத்தவனுக்கு, கர்டரில் எந்தக் கோடு எங்கே ஏன் வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படிப்பதற்கு முன்பே எழுதக் கற்றுவிடும் இந்த வழியில்தான், கல்லூரி வாசலை மிதிக்காத ஆயிரக்கணக்கானவர்கள் வரைபடத்துக்குப் பழகினார்கள்.

ஹூக்ளியின் இரண்டு பாலங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நகரம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது விளங்கும். முதலாவது, 1874இல் திறக்கப்பட்ட மிதவைப் பாலம். வடிவமைத்தவர் சர் பிராட்போர்டு லெஸ்லி. அதன் பாகங்கள் இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தன. கல்கத்தா அவற்றைப் பூட்டி மிதக்கவிட்டது.

இரண்டாவது பாலத்துக்குப் போவதற்கு முன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெசிடென்சி கல்லூரியின் பொறியியல் துறையில் படித்து, உடல்நலம் கெட்டதால் பட்டம் வாங்காமலே வெளியேறியவர் ராஜேந்திரநாத் முகர்ஜி. லெஸ்லியின் ஆதரவில் பல்டா குடிநீர்த் திட்டத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. பிறகு ஆக்வின் மார்ட்டினோடு கூட்டுச் சேர்ந்து மார்ட்டின் கம்பெனியைத் தொடங்கினார். காளிகாட்டுக்கு வடக்கே மைதானத்தில் நிற்கும் விக்டோரியா நினைவகம் அந்தக் கம்பெனி கட்டியது. வரைந்த வில்லியம் எமர்சன் இருந்தது லண்டனில். கல்கத்தாவில் மேற்பார்த்தவர் வின்சென்ட் எஷ். 1906இல் அடிக்கல் நட்டு 1921இல் திறந்த கட்டடத்தை எழுப்பிய கம்பெனியின் பங்காளி பட்டம் வாங்காத வங்காளி. தாள் அங்கிருந்து வந்தாலும், அதைப் படித்துக் கல்லாக்கும் பொறுப்பு இங்கே கைமாறிவிட்டது.

கைமாறினால் போதாது, கற்றுத்தரும் இடமும் நம்முடையதாக வேண்டும் என்றது சுதேசி இயக்கம். வங்கப் பிரிவினைச் சூட்டில், 1906 ஜூலையில், வழக்கறிஞர் தாரக்நாத் பாலித்தின் ஆதரவோடு வங்காளத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியது. அரசின் பட்டமும் வேண்டாம், மானியமும் வேண்டாம் என்று நடந்த கல்விக்கூடம் அது. 1920களில் ஜாதவ்பூருக்கு இடம்பெயர்ந்தது. 1955இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே படித்தவர்களுக்கு அரசு வேலை கிடைப்பது அரிதாக இருந்ததால், பட்டறைக் கல்வியே அவர்களுக்குச் சோறு போட்டது.

இனி இரண்டாவது பாலம். மிதவைப் பாலத்துக்கு மாற்று என்ன என்று ஆராய 1921இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைவர் அதே ராஜேந்திரநாத். பல ஆண்டு இழுபறிக்குப் பின் லண்டனின் ரெண்டல், பால்மர், டிரிட்டன் நிறுவனம் கேன்டிலிவர் பாலத்தை வடிவமைத்தது. ஒப்பந்தம் டார்லிங்டனின் கிளீவ்லாந்து பாலக் கம்பெனிக்கு. ஆனால் உருக்கின் பெரும்பகுதி வெளியிலிருந்து வரவில்லை. தேவைப்பட்ட 26,500 டன்னில் 23,000 டன்னை டாட்டா கொடுத்தது. அதற்காகவே ‘டிஸ்குரோம்’ என்ற வலுக்கூடிய கலப்பு உருக்கை உருவாக்கியது. பாகங்களை அறுத்துத் துளையிட்டுச் சேர்த்தவர்கள் பிரெய்த்வெயிட், பர்ன், ஜெஸ்ஸாப் என்ற மூன்று கம்பெனிகளும் சேர்ந்த கூட்டமைப்பின் கல்கத்தாப் பட்டறைக்காரர்கள்.

ஹவுரா பாலத்தில் நட்டும் போல்ட்டும் இல்லை, முழுக்க ரிவெட் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். தாளைப் படிப்பவருக்கு அந்தச் செய்தியின் இன்னொரு முகம் தெரியும். உருக்குக் கட்டுமானப் படங்களின் மரபில் ரிவெட் என்பது ஒரு சின்ன வட்டம். பட்டறையிலேயே அடித்து அனுப்ப வேண்டிய ரிவெட்டுக்கு உள்ளே நிரப்பாத வட்டம். இடத்துக்குப் போனபின் அடிக்க வேண்டியதற்குக் கறுப்பாக நிரப்பிய வட்டம். இரண்டையும் மாற்றிப் படித்தால் தீர்ந்தது: திறந்திருக்க வேண்டிய துளையைப் பட்டறையே அடைத்து அனுப்பிவிடும், ஆற்றின் மேல் தொங்கிக்கொண்டு பக்கத்துப் பாகத்தை மாட்டப்போகிறவனுக்கு வழி இருக்காது. ஒவ்வொரு பாகத்திலும் பெயின்ட்டில் ஒரு குறியெழுத்து. அதே குறி மார்க்கிங் பிளானிலும் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் இன்ன பாகம் இன்ன மூலைக்கு என்று கண்டுபிடிக்கும்படி செய்த ஏற்பாடு அது.

இரு கரைகளிலிருந்தும் நீண்டுவந்த பாதிகளுக்கு நடுவே கடைசியில் ஒரு சிறிய இடைவெளி மட்டும் எஞ்சியது. ஹைட்ராலிக் ஜாக்கிகளால் நகர்த்தி அதை இணைத்தார்கள். 457 மீட்டர் மைய இடைவெளி கொண்ட பாலம் 1943 பிப்ரவரியில், ஜப்பானிய விமானங்களுக்குப் பயந்து, திறப்பு விழா இல்லாமலே போக்குவரத்துக்கு விடப்பட்டது. 1874இல் பாலமே கப்பலில் வந்தது. எழுபது ஆண்டு கழித்து வந்தவை பெரும்பாலும் காகிதமும் மேற்பார்வையும்.

இந்தக் கதையில் தமிழர்களுக்கும் ஓர் இழை உண்டு. இந்தியப் பொறியாளர் கழகம் 1920 செப்டம்பரில் பதிவானது சென்னையில். வைஸ்ராய் செம்ஸ்போர்டு முறைப்படி தொடங்கிவைத்தது 1921 பிப்ரவரியில் கல்கத்தாவில். தலைமையகம் இன்றும் கல்கத்தா கோகலே சாலையில்தான். காளிகாட்டிலிருந்து வடக்கே மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தமான ரவீந்திர சதனுக்குப் பக்கம். 1928 முதல் அது நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வுதான் டிராஃப்ட்ஸ்மேன் எஞ்சினியராக மாறுவதற்கு இருந்த ஏணி. பகலில் மேசையில் வரைந்து, இரவில் படித்து, ‘ஏ’ செக்‌ஷன், ‘பி’ செக்‌ஷன் என்று பேப்பர் பேப்பராகத் தாண்டிப் பட்டத்துக்கு நிகரான தகுதி பெற்றவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் சுருக்கெழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் கணக்கர்களாகவும் கல்கத்தாவுக்கு வண்டியேறிய தமிழர்கள் குடியிருந்தது காளிகாட், லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ வட்டாரத்தில். வாழையிலையும் முருங்கைக்காயும் காபிப்பொடியும் கிடைக்கும் லேக் மார்க்கெட்டில் இன்றும் தமிழ் கேட்கலாம். மாலை வகுப்பும் தபால் வழிப் படிப்பும் அந்தத் தலைமுறைக்குப் பழகிய பாதைகள்.

சுதந்திரத்துக்குப் பிறகு தாளின் இலக்கணமே இரண்டு விதத்தில் மாறியது. ஒன்று அலகு. 1956இன் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது; 1960களின் தொடக்கத்துக்குள் அடியும் அங்குலமும் அரசு ஏடுகளிலிருந்து விலகின. பழைய படங்களோ அடி அங்குலத்திலேயே இருந்தன. எனவே ஒரு தலைமுறை டிராஃப்ட்ஸ்மேன்கள் இரண்டையும் மனக்கணக்காகப் பெயர்க்கப் பழகினார்கள். மற்றொன்று, படங்களை எங்கே வைப்பது என்ற வழக்கு. பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த மரபில் எலிவேஷனுக்குக் கீழே பிளான் இருக்கும். இடப்பக்கத் தோற்றம் வலது பக்கத்தில் நிற்கும். அதற்கு முதல் கோண முறை என்று பெயர். அமெரிக்காவின் மூன்றாம் கோண முறையில் எல்லாம் தலைகீழ்: பிளான் மேலே, இடப்பக்கத் தோற்றம் இடப்பக்கத்திலேயே. 1955இல் வந்த இந்தியத் தரநிலை ஐ.எஸ். 696 மூன்றாம் கோணத்தைப் பரிந்துரைத்தது. 1973இல் வந்த திருத்தம் எதையும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டது. 1988இன் எஸ்.பி. 46 முதல் கோணத்துக்கே திரும்பியது. இந்த இழுபறிக்கு நடுவே படித்தவர்களுக்கு, எந்த ஊரின் படம் கைக்கு வந்தாலும் டைட்டில் பிளாக்கில் இருக்கும் வெட்டிய கூம்புச் சின்னத்தைத் தேடிப் பார்ப்பது அனிச்சையாகிவிட்டது. அந்தச் சின்னத்தைப் பார்க்காமல் வேலை தொடங்கினால், இடது கை பிராக்கெட் வலது கை பிராக்கெட்டாகப் பிறக்கும்.

காளிகாட்டுக்கு இந்தக் கதை நேராக வந்து இறங்கியது 1970களில். கல்கத்தா மெட்ரோவின் பெருந்திட்டம் 1971இல் சோவியத், கிழக்கு ஜெர்மானிய வல்லுநர்களின் துணையோடு தயாரானது. 1972 டிசம்பர் 29 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். சுரங்கத்தின் பெரும்பகுதி ‘வெட்டி மூடும்’ முறையில் அமைந்தது. சாலையின் இருபுறமும் ஆழமான ஒடுங்கிய பள்ளம் தோண்டி, பென்டோனைட் களிமண் கரைசலை நிரப்பி மண் சரியாமல் நிறுத்தி, கம்பிக் கூட்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட்டை நிரப்புவார்கள். அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே மண்ணை அகற்றிப் பெட்டி கட்டி, மேலே மூடிச் சாலையைத் திருப்பித் தருவார்கள். தெற்குக் கல்கத்தா ஆண்டுக்கணக்கில் பள்ளத்தின் ஓரமாகவே நடந்தது.

பள்ளத்துக்குள் வேலை பார்த்தவர்களின் தலைவலி புதிய படம் அல்ல, பழைய படங்கள். 1855இல் வில்லியம் கிளார்க் போட்ட திட்டப்படி எழுந்த செங்கல் சாக்கடைகள், குடிநீர்க் குழாய்கள், எரிவாயுக் குழாய்கள், மின்சார, தொலைபேசிக் கேபிள்கள் எல்லாம் அதே மண்ணில் கிடந்தன. சில தாளில் குறித்த இடத்தில் இல்லை. சில தாளிலேயே இல்லை. கட்டத் திட்டமிட்ட படம் வேறு, உண்மையில் கட்டி முடித்த பிறகு வரையும் படம் வேறு. பின்னதை யாரும் ஒழுங்காக வரைந்து வைக்காவிட்டால் அடுத்த நூற்றாண்டு கடப்பாரையால்தான் தேட வேண்டியிருக்கும். சோதனைக் குழிகள் வெட்டி, இருப்பதைப் பார்த்து, அளந்து, வரைந்து, வழிமாற்றி, பிறகே சுவர் இறங்கியது. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடு முதல் பவானிப்பூர் வரை 3.4 கிலோமீட்டரில் இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியது. காளிகாட் நிலையம் 1986 ஏப்ரல் 29 அன்று டாலிகஞ்ச் நீட்டிப்போடு திறந்தது. டம்டம் வரை முழுப் பாதையும் கைகூட 1995 ஆயிற்று.

அந்தக் காலத்துக்குள் நீலத்தாள் போய் அம்மோனியா பிரிண்ட் வந்திருந்தது. வெள்ளைத் தாளில் நீலக்கோடு. கழுவ வேண்டாம், சுருங்காது, மூக்கை மட்டும் பொத்திக்கொள்ள வேண்டும். பிறகு ஆட்டோகேட் வந்து டிராயிங் போர்டையும் டி-ஸ்கொயரையும் ஓரங்கட்டியது. ஐ.டி.ஐ.களில் டிராஃப்ட்ஸ்மேன் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பாகத் தொடர்கிறது. பென்சிலால் கோடு போடும் பயிற்சியோடுதான் இன்றும் தொடங்குகிறது. ஏ.எம்.ஐ.இ. ஏணிதான் ஆட்டம் கண்டது: பட்டத்துக்கு நிகர் என்ற மத்திய அரசின் அங்கீகாரம் 2013 மே 31 வரை சேர்ந்தவர்களோடு நின்றுபோனது. மேசையிலிருந்து எழுந்து எஞ்சினியராக விரும்புகிறவர் இப்போது மாலைநேர டிப்ளமாவையோ பகுதிநேரப் பட்டத்தையோதான் தேட வேண்டும்.

சைட்டில் இன்று படம் வருவது பெரும்பாலும் மேஸ்திரியின் செல்போனுக்கு, பி.டி.எஃப். கோப்பாக. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார். தேவைப்பட்டால் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கிறார். பெரிய தாளுக்கு வரைந்த படத்தைக் கடைக்காரர் ஏ4 தாளுக்குள் அடக்கிக் கொடுக்கிறார். டைட்டில் பிளாக் 1:100 என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கோடு எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. நனைந்து சுருங்கும் தாள் ஒழிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், அளக்காதே, எண்ணைப் படி என்ற குறிப்பை இன்னும் எந்த அலுவலகமும் படத்தின் ஓரத்திலிருந்து எடுக்கவில்லை.